பொழுதைப் போடும் பொத்தான்

எங்கள் பாவடித் தெருவில் புரட்டாசி அமாவாசை அன்று காலை பதினொன்றே காலுக்குப் பொழுது இறங்கியது. ஊரின் மற்ற எல்லாத் தெருக்களிலும் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, எங்கள் தெருவில் மட்டும், தண்ணீர்த் தொட்டியிலிருந்து ரேஷன் கடையின் முதல் ஜன்னல் வரைக்கும், வானம் மஞ்சளாகிச் சிவந்து கருநீலமாகியது. கோழிகள் அவசர அவசரமாக வந்து அடைந்தன, அந்திமந்தாரை பூத்தது, கொசு கிளம்பியது, டீக்கடை நவநீதம் அக்கா இட்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு போண்டாவுக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். யாரும் கூச்சல் போடவில்லை. தறி ஓட்டுகிற எங்களுக்கு மாதத்தில் அமாவாசை ஒருநாள்தான் விடுமுறை, விடுமுறை நாளில் பொழுது சீக்கிரம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்துக்கொண்டு, முகம் கழுவித் தலைவாரி வாசலுக்குத் தண்ணீர் தெளித்தோம்.

அதைச் செய்தது மூன்றாவது வீட்டு மைனாவதி. இதே தெருவில் குழந்தைவேலு முதலாளியின் தறி ஷெட்டில் தார் சுற்றுகிறவள், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சிகளில் நாள் முழுக்க நூலைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறவள். அவள் கணவன் சென்னியப்பன் மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சியில் தறி ஓட்டுகிறான், ஆடிக்கும் பொங்கலுக்கும் வருவான். வீட்டில் அவளும் ஐந்தாவது படிக்கும் மகள் வர்ஷிகாவும் மட்டும். ஷெட்டில் வேலை காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. பிள்ளை பள்ளிவிட்டு நாலரைக்கு வந்துவிடும். ஒரு நாள் மின்சாரம் போன இருட்டில் பரண் மேலிருந்து ஒரு பூனை அவள் தோளில் குதித்ததிலிருந்து, வர்ஷிகா விளக்கில்லாத வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள்.

அதற்காகத்தான் மைனாவதி அந்தச் சுவிட்ச் டப்பாவை வாங்கியிருந்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, வெள்ளையாக, நடுவில் ஒரே ஒரு பொத்தான். வீட்டு வைஃபையோடு சேர்ந்துகொண்டு, போனில் அமுக்கினால் எங்கிருந்தாலும் வீட்டு விளக்கைப் போடும். ஒரு வருஷம் அவள் ஷெட்டில் தார் சுற்றிக்கொண்டே ஆறு மணிக்கு ஒரு விரலால் போனை அமுக்குவாள், மூன்றாவது வீட்டில் விளக்கு எரியும், பிள்ளை உள்ளே போய்ப் பாடம் படிக்கும். பிறகு அந்தக் கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. எங்கோ கடலுக்கு அப்பால் இருந்த அவர்களுடைய பெரிய கணினியைக் கேட்டுக்கேட்டுத்தான் இந்தக் குட்டி டப்பா விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தது என்பதும், அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளில்லையென்றால் இந்தப் பக்கம் ஒரு சீரோ வாட் பல்புகூட எரியாது என்பதும் அப்போதுதான் மைனாவதிக்குத் தெரிந்தது. தெரிந்தபோது அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது சாதாரணக் கோபம் இல்லை.

"என்ற ஊட்டு வெளக்கைப் போடறதுக்கு எவனையோ கேக்கோணுமாக்கா?" என்று நவநீதம் அக்காவிடம் கத்தினாள்.

ஒரு மாதமாக வர்ஷிகா புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தாள். இந்தச் செய்தி இச்சல்கரஞ்சி வரை போயிற்று. சென்னியப்பன் போனில், பிள்ளையைச் சங்ககிரியில் இருக்கும் தன் அக்கா அங்கம்மாள் வீட்டில் விட்டுவிடலாம், அமாவாசை கழிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை அக்கா வந்து கூட்டிப்போவாள், அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடலாம் என்றான். மைனாவதி முதலாளியிடம் போய், காலையில் ரெண்டு மணி நேரம் முன்னதாக வந்து சாயங்காலம் ஆறுக்குப் போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள். "ஷிப்ட்டுன்னா எட்டுக்கு எட்டுதான் மைனா. உனக்கு ஒரு நேரம், அவளுக்கு ஒரு நேரம்னா ஷெட்டு நடத்த முடியுமா?" என்றார் குழந்தைவேலு. ஆக, கையில் இருந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

அமாவாசை காலையில் வர்ஷிகா விளையாடப் போனதும் மைனாவதி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நவநீதம் அக்காவின் மருமகளுக்குப் பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியை இரவல் வாங்கி வைத்திருந்தாள். பத்து நாளாகப் பார்த்த வீடியோக்களை மறுபடி ஒருமுறை பார்த்தாள். சுவர் மின்சாரத்தில் செருகியிருக்கும்போது மூடியைத் திறந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள் என்பதால், டப்பாவைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் பிளக்கை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள், தன் கையே மறந்துபோய்ச் செருகிவிடக் கூடாதென்று. மூடியைக் கத்தி முனையால் நெம்பினாள். உள்ளே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதன் ஓரத்தில் ஊசிக் காதைப் போல நான்கு ஓட்டைகள். ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று தரைக்கு, ஒன்று பேச, ஒன்று கேட்க. இதன் பேச்சு கணினியின் காதுக்கும், கணினியின் பேச்சு இதன் காதுக்கும் போகும்படி கம்பிகளை மாற்றிக் கட்ட வேண்டும், நேராகக் கட்டினால் ரெண்டும் ஒன்றையொன்று கேட்காமல் பேசிக்கொண்டே இருக்கும்.

ஈயம் பற்றவைக்கிற கருவி அவளிடம் இல்லை. அது எதற்கு? அறுந்த நூலைக் கண்ணை மூடிக்கொண்டு முடிகிற கை அவளுடையது. தலைமுடி அளவுக் கம்பிகளை ஓட்டைக்குள் விட்டு, தறி முடிச்சுப் போட்டு, பல்லால் இறுக்கினாள். பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்தால்தான் டப்பா பழைய புத்தியை விட்டுக் கொடுக்கும் என்பதால், தார்க்குச்சி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு அதன் முனையால் பொத்தானை அமுக்கினாள், இரண்டு கையாலும் கம்பியைச் செருகினாள். முதல் தடவை பிசகியது. இரண்டாம் தடவையும் பிசகியது. மூன்றாம் தடவை, உள்ளே இருந்ததெல்லாம் அழிந்தது, அந்தக் கம்பெனியின் பேரும் விலாசமும் கேள்வியும் பதிலும் அழிந்தன, யாரோ முகம் தெரியாத நல்லவர்கள் எழுதி உலகத்துக்குச் சும்மா கொடுத்த புதிய நிரல் ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது என்று சதவீதம் சதவீதமாக ஏறி உள்ளே போனது. நூறு என்று வந்தபோது மைனாவதி தார்க்குச்சியைத் துப்பிவிட்டு, ஒற்றையாளாக வீட்டுக்குள் ஒரு குதி குதித்தாள்.

கம்பிகளை அவிழ்த்து, மூடியை மூடி, அரிசியிலிருந்து பிளக்கை எடுத்துச் சுவரில் மாட்டியதும், டப்பாவின் சொந்தப் பக்கம் போனில் திறந்தது. இனி அது யாரையும் கேட்காது, சொன்னதைச் செய்யும். ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டது, சூரியன் மறையும் நேரம் தெரியவேண்டுமே, சொன்னாள். பிறகு இரண்டு கட்டங்கள். முதலாவது, எது நடந்தால். இரண்டாவது, என்ன நடக்க வேண்டும்.

இங்கேதான் பிசகு நடந்தது, அதை எங்கள் தெருவைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. காற்றடித்தால் நூல் அறுந்துவிடும் என்று எங்கள் ஷெட்டுகளுக்கு ஜன்னல் வைப்பதில்லை. நாற்பது தறிகளின் இரைச்சலுக்குள் வானமும் தெரியாது, காக்கை சத்தமும் கேட்காது. முதலாளி கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு வந்து, முதல் தறிக்கு மேலிருக்கும் சாமி படத்தின் முன் விளக்கை ஏற்றுவார். உடனே எல்லாத் தறியும் நிற்கும். தறிகளுக்குச் சூடம் காட்டி, திருநீறு பூசி, நவநீதம் அக்காவின் டீயும் போண்டாவும் வரும், இருபது நிமிஷம் யாரும் யாருக்கும் வேலை சொல்லக்கூடாது. அது விளக்கு நேரம், முதலாளியின் தாத்தா காலத்து வழக்கம். பதினாறு வயதிலிருந்து மைனாவதிக்கு விளக்கு எரிந்த பிறகுதான் பொழுது இறங்கும். அவள் நின்று யோசிக்கவேயில்லை. எது நடந்தால் என்ற இடத்தில் விளக்கு எரிந்தால் என்றும், என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் சூரியன் மறையவேண்டும் என்றும் எழுதி, சேமி என்பதை அமுக்கினாள்.

சேமித்துக்கொண்டது.

பொத்தானை அமுக்கினாள், பொழுது இறங்கியது. வெளியே எட்டிப் பார்த்தாள், திரும்ப ஓடிவந்து அணைத்தாள், சூரியன் விட்ட இடத்துக்கே வந்து நின்றது. மறுபடி போட்டாள். அன்று காலை எங்கள் கோழிகள் ஐந்து முறை அடைந்து ஐந்து முறை இறங்கின.

"மாத்தி எழுதிப்புட்டனுங்கக்கா. சரி பண்ணீர்றேன்" என்று மைனாவதி டீக்கடைக்கு ஓடிவந்து சொன்னாள்.

"எதுக்குச் சரி பண்ற? பொழுதாச்சுன்னு நெனச்சு போண்டா பூராம் வாங்கிட்டுப் போயிட்டாங்க. சித்தே இருக்கட்டும்" என்றாள் நவநீதம் அக்கா.

கொஞ்ச நேரம் என்ற அந்தச் சித்தே அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் மைனாவதி வேலைக்குப் போய்விட்டாள். விளக்கு எரிந்தால்தான் சூரியன் மறையும் என்றால், விளக்கு எரியாதவரை மறையாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஆறு மணிக்குக் குழந்தைவேலு தீப்பெட்டியோடு ஷெட் கதவைத் திறந்தார். வெளியே நாலு மணி வெயில். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். "பொழுது இன்னும் எறங்கலை, ஓட்டுங்க" என்றார், அவருக்கு அதில் மகா சந்தோஷம். அன்று விளக்கு நேரம் வரவேயில்லை, தறிகள் எட்டு வரை நிற்காமல் ஓடின. எட்டு மணிக்கு மைனாவதி வெளியே வந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மையிருட்டு, இந்தப் பக்கம் பளீரென்ற வெயில். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வந்த ஸ்கூட்டர்க்காரர்கள் தொட்டியைத் தாண்டியதும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்கள்.

அவள் ஓடினாள். வாசற்படியில் பிள்ளை இல்லை. கதவு ஜன்னலெல்லாம் அகலத் திறந்து கிடக்க, வர்ஷிகா உள்ளே கூடத்து வெயிலில் கணக்கு நோட்டை முடித்துவிட்டு, வீட்டைக் கூட்டிவிட்டு, தானே இரட்டைச் சடை போட்டு அதில் ஒன்று கோணலாக நிற்க, உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு வெயிலு போகவேயில்ல. நீ வர்ற வரைக்கும் நின்னுக்கிச்சும்மா."

மைனாவதி அவளைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விரலைப் பிடித்து அமுக்கவைத்தாள். விளக்கு எரிந்தது, இருவரும் வாசலுக்கு வந்தார்கள், வானம் அவர்களுக்கு முன்னால் மஞ்சளாகிச் சிவந்து மெதுவாக இருண்டது. அமாவாசை தவிர்த்த ஒரு நாளில் தாயும் மகளும் சேர்ந்து பார்த்த முதல் அந்தி அது, பிள்ளை பிறந்து பத்து வருஷம் கழித்து. மைனாவதி சிரித்துக்கொண்டே அழுதாள். கட்டங்களைச் சரி பண்ண வேண்டும் என்ற நினைப்பை அந்த நிமிஷமே விட்டுவிட்டாள்.

இப்படியாக எங்கள் தெருவில் ஒன்பது நாள் பொழுது எட்டு மணிக்கு இறங்கியது, விடியற்காலையில் மைனாவதி விளக்கை அணைத்ததும் விடிந்தது. என்ன ஒரு ஒன்பது நாள்! ஏழு மணி வெயிலில் துவைத்துப் போட்ட துணி ஏழரைக்குக் காய்ந்தது. பக்கத்து ஊர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் ஈர நூல் கட்டுகளான சிட்டங்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எங்கள் வாசல்களில் மூங்கில் கட்டித் தொங்கவிட்டார்கள், தெரு முழுக்கச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஆடியது. ஆறாம் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைகள் இரவு ஏழரைக்கு நல்ல வெளிச்சத்தில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் அன்றே பூ வைத்துவிட்டுப் போனார்கள். சாராயக் கடைக்குப் போகிறவர்கள் பட்டப்பகலில் போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ள, அவர்கள் பெண்டாட்டிகள் மைனாவதியைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து மீட்டரைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, வெயில் தாங்காமல் குடையை இரவல் வாங்கிக்கொண்டு அடுத்த தெரு இருட்டுக்குள் போனார்.

வைஃபை எட்டும் மட்டும்தான் வெயிலும் எட்டியது. பிள்ளையார் கோயிலின் கருவறை வெயிலுக்குள்ளும் மணி கட்டிய தூண் இருட்டுக்குள்ளும் வந்துவிட, பூசாரி தண்டபாணி அந்திப் பூசையான சாயரட்சையை எப்போது செய்வது என்று தெரியாமல், ஆறு மணிக்குத் தூணுக்கு ஒரு தீபாராதனையும் எட்டு மணிக்குப் பிள்ளையாருக்கு ஒரு தீபாராதனையும் காட்டினார். ரேஷன் கடைக்காரர் தன்னுடைய இரண்டாவது ஜன்னலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மைனாவதியிடம் மனு எழுதிக் கொடுத்தார். குழந்தைவேலு முதலாளி தன் சொந்தச் செலவில் வைஃபையைத் தூரத்துக்கு இழுக்கிற கருவி ஒன்றை வாங்கிவந்து, தெருக்கோடியில் இருந்த தன் இரண்டாவது ஷெட்டையும் வெயிலுக்குள் கொண்டுவந்தார், அங்கேயும் விளக்கு நேரம் நின்றுபோனது.

அதுதான் வினையாகப் போயிற்று. நாற்பது பெண்கள் பன்னிரண்டு மணி நேரம் நடுவில் ஒரு மூச்சு விடாமல் நின்றால் என்ன ஆகும்? கால் வீங்கும். ஆறு மணிக்கு முதலாளி கதவைத் திறந்து, "வந்து பாருங்க, வெயிலு அடிக்குது, எங்க இருக்குது பொழுது?" என்பார், எல்லோரும் தறிக்குத் திரும்புவார்கள். ஒன்பதாம் நாள் அவர்கள் மைனாவதியைச் சுற்றி நின்றார்கள்.

"உன்ற புள்ளைக்கு வெயிலு கெடைச்சுது, எங்களுக்கு டீத்தண்ணி போச்சு. இது நாயமா அக்கா?" என்றாள் ஒருத்தி. கேட்டவள் பாதம் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு நின்றாள். மைனாவதியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளி வீட்டிலும் நிம்மதி போய்விட்டது. வீடும் அதே தெருவில்தானே. அவர் மனைவி தெய்வானை ஒன்பது நாளாகச் சாமி விளக்கை அந்தியில் ஏற்ற முடியாமல் தவித்தாள். பேரன் வெயிலைப் பார்த்துக்கொண்டே எட்டு மணி வரை தூங்காமல் வீறிட்டான். தெய்வானை போட்ட சத்தத்தில் குழந்தைவேலு பத்தாம் நாள் புதன்கிழமை ஷெட்டுக்கு வந்து, தானே பெரிய மனசு பண்ணுகிறவரைப் போல ஒரு தீர்ப்பு சொன்னார்.

"மைனா, அதைப் போன்லயும் போடலாமில்ல? ஆறு மணிக்கு இங்கிருந்தே அமுக்கு. பொழுது எறங்கட்டும், வெளக்கு வெப்போம், டீ குடிப்போம், அப்புறம் எட்டு வரைக்கும் தாரைச் சுத்து. எல்லாருக்கும் நல்லது."

எல்லோருக்கும் நல்லதுதான். மைனாவதி அமுக்கினாள். பத்து நாளுக்குப் பிறகு தறிகள் நின்றன, சூடம் எரிந்தது, பெண்கள் போண்டாவைப் பிய்த்துப் பிய்த்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டு சிரித்தார்கள். மைனாவதி மட்டும் தன் டீயைப் பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுத்துவிட்டாள். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆனால் வர்ஷிகா பையைக் கட்டிக்கொண்டு பழையபடி வாசற்படியில் இருந்தாள்.

"வெளக்குத்தான் எரியுதே கண்ணு, உள்ள போறதுக்கென்ன?"

"வெயிலு உனக்காக நிக்கும்னு நெனச்சேன். நீ அமுக்கிட்டே."

வியாழக்கிழமையும் அப்படியே நடந்தது. அன்று வேலை முடிந்து வந்த பெண்களும் படியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவரவர் வீட்டுக்குப் போனார்கள். விடிந்தால் வெள்ளிக்கிழமை, அங்கம்மாள் வரும் நாள். விடியற்காலையில் விளக்கை அணைப்பதற்கு முன் மைனாவதி டப்பாவின் பக்கத்தைத் திறந்தாள். போன் வழியாக வரும் கட்டளையை ஏற்கலாமா என்ற இடத்தில், கூடாது என்று மாற்றினாள். சுவரில் இருக்கிற பொத்தானுக்கு மட்டும் கீழ்ப்படி என்று சேமித்தாள். பிறகு வர்ஷிகாவை எழுப்பினாள்.

"இனி இந்தப் பொத்தான் உன்றது. யாரு சொன்னாலும் அமுக்காதே. நான் வந்து நின்னதும் அமுக்கு."

"பிராமிஸா வருவியாம்மா?"

"வாரேன் சாமி" என்றாள். எப்படி வரப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

அன்று ஆறு மணிக்கு ஷெட்டில் குழந்தைவேலு தீப்பெட்டியோடு வந்து, "அமுக்கு மைனா" என்றார். மைனாவதி எழுந்து நின்றாள்.

"போன்ல இனி வராதுங்க. சுவத்துல இருக்கற பொத்தான்லதான் வரும். நான் போனாத்தானுங்க பொழுது."

"வெளையாடறியா?" என்றவர், பொத்தானை அமுக்கிவிட்டு வரச் சொல்லி மேஸ்திரியை ஓடவிட்டார். மேஸ்திரி போன வேகத்தில் திரும்பிவந்தார்.

"அந்தப் புள்ளை கதவைத் தாழ் போட்டுக்கிச்சுங்க. எங்கம்மா வந்தாத்தான் பொழுது போடுவேங்குது. அத்தைக்காரியவே வெளிய தள்ளிப்புட்டுதுங்க."

உண்மைதான். நாங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். அங்கம்மாள் தன் துணிப்பையோடு வாசற்படியில் வெயிலில் உட்கார்ந்து, "எட்டு மணி பஸ்ஸுக்கு நான் இவளைக் கூட்டிட்டுப் போகோணும், யாராச்சும் கதவைத் தொறங்களேன்" என்று எல்லோரையும் கேட்டாள், யாரும் அசையவில்லை. பூசாரி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், நவநீதம் அக்கா போண்டாக் கரண்டியோடு நின்றாள், கோழிகள் தூக்கக் கலக்கத்தில் எங்கள் கால்களுக்குள் தடுக்கி விழுந்தன. ஜன்னல் கம்பிக்கு உள்ளே, நாலாபுறமும் வெயில் நிறைந்த வீட்டில், இருட்டுக்குப் பயந்த அந்தப் பிள்ளை பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். ஆறரை ஆயிற்று. ஏழு ஆயிற்று. சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏழே காலுக்குத் தெய்வானை வீறிடும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்களைத் தாண்டி, சாய நூல் சிட்டங்களை விலக்கி, நேராக ஷெட்டுக்குள் போய், பேரனைப் புருஷன் கையில் திணித்துவிட்டு, மெயின் சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நாற்பது தறியும் ஒரே நேரத்தில் நின்றன. தெருக்கோடி வரைக்கும் திடீரென்று பேரனின் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பொழுது போடறவ பொழுதுக்கு ஊட்ல இருக்கோணும்" என்றாள் தெய்வானை. "காலைல ஆறுக்கு வரட்டும், சாயங்காலம் ஆறுக்குப் போகட்டும். மாட்டேன்னீங்கன்னா, இந்தப் பையன வெச்சுக்கிட்டு நீங்களே ராத்திரி பூரா ஷெட்டுல நில்லுங்க."

குழந்தைவேலு பேரனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். நாற்பது பேரில் ஒருத்திகூடத் தறிப் பக்கம் திரும்பவில்லை. செருப்பு நுழையாத அந்தப் பெண்தான் முதலில் மைனாவதியின் கையைப் பிடித்தாள். "போம்மா, போ" என்றார் முதலாளி, தோற்றுப்போன குரலில். அப்புறம் பாருங்கள், நாற்பது பேரும் தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுவில் மைனாவதியை வைத்து, இரவு ஏழரை வெயிலில் பாவடித் தெருவில் ஓடிவந்த அழகை. நாங்கள் வழிவிட்டோம். மைனாவதி படியேறுவதற்குள் தாழ் திறந்தது.

"வந்துட்டேன் கண்ணு."

வர்ஷிகா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அமுக்கினாள்.

எத்தனையோ அந்தி பார்த்திருக்கிறோம், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கைதட்டினோம், குலவை போட்டோம், பூசாரி அங்கேயே சூடத்தைக் கொளுத்தினார், முதலாளி தோளில் பேரன் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான். அங்கம்மாள் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு தம்பிக்குப் போன் போட்டாள். "சென்னியா, இது இங்கேயே இருக்கட்டும்டா. இதைக் கூட்டிட்டுப் போனா இந்தத் தெருவுக்கு யாரு பொழுது போடறது?" என்று சொல்லிவிட்டு, நாலு போண்டாவைக் கட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு மைனாவதி ஷெட்டைவிட்டு வந்தாள், அவள் வாசலில் நின்றதும் பிள்ளை பொத்தானை அமுக்கினாள், பொழுது இறங்கியது, ஷெட்டில் முதலாளி விளக்கை ஏற்றினார், தறிகள் நின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, எல்லாம் அப்படித்தான் போயின.

பங்குனியில் ஒரு மத்தியானம் மின்சாரம் எகிறி அடித்ததில் தெருவில் மூன்று மிக்ஸியும் ஒரு டிவியும் கருகின, அந்த டப்பாவும் கருகியது. மைனாவதி திறந்து பார்த்தாள். பச்சைப் பலகை நடுவில் கறுத்துப்போயிருந்தது, எந்த முடிச்சுக்கும் அது இனி பிழைக்காது. அன்று எங்கள் தெருவில், மற்ற எல்லாத் தெருக்களிலும் இறங்கிய அதே நேரத்துக்குப் பொழுது தானாக இறங்கியது. நாங்கள் பார்த்தோம். கோழிகளுக்கும் தெரிந்தது. மைனாவதி மூடியை மூடி டப்பாவைச் சுவரில் பழைய இடத்திலேயே மாட்டினாள். வர்ஷிகா செத்த பொத்தானை அமுக்க, மைனாவதி பக்கத்தில் இருந்த சாதாரண சுவிட்சைப் போட்டாள், பல்பு எரிந்தது. இந்த விஷயம் முதலாளிக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் மறுபடி எட்டுக்கு எட்டு என்பார், அதனால் நாங்களாகச் சொல்லப்போவதில்லை, நவநீதம் அக்கா தன் மருமகளிடம்கூட அதைப்பற்றிப் பேசக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

மறு வருஷ ஐப்பசி வந்தது, அடைமழை. ஒரு நாள் மேகம் மூடி ஐந்தே முக்காலுக்கே இருட்டிவிட்டது, தெருவிளக்குகள் எரிந்தன, தவளை கத்தியது. ஆறு மணிக்குக் குழந்தைவேலு தீப்பெட்டியோடு ஷெட் கதவைத் திறந்தார். டீத்தூக்கோடு எதிரே நின்ற நவநீதம் அக்கா, இருட்டை மறைக்கிறவளைப் போலக் கதவுக்கு நேராக நகர்ந்து நின்றாள். அவர் அந்த இருட்டை நிதானமாக, மேலும் கீழும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தறிகளின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"மைனா, மணி ஆறாச்சு, இன்னும் என்ன பண்ணிட்டு இருக்கே? ஓடு. நீ போய்ப் போட்டாத்தான பொழுது எறங்கும்?"

மைனாவதி தாரைப் போட்டுவிட்டு இருட்டுக்குள் ஓடினாள். முதலாளி தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வீடு போய்ச் சேருகிற நேரம் வரைக்கும் ஏற்றாமல் காத்திருந்தார்.